நாயோடு பாலையில் நடக்க: பசிபிக் கிரெஸ்ட் பாதையா, அரிசோனா பாதையா?

எங்கள் நாய் செவலையை இரண்டு பாதைகளிலும் கூட்டிச் சென்று பார்த்த பிறகு, இனி அவளோடு பல நாள் நடப்பதென்றால் அரிசோனா பாதையில்தான் என்று முடிவெடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறோம். அவள் 20 கிலோ எடையுள்ள, ஆஸ்திரேலிய மேய்ச்சல் நாயினக் கலப்பு. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்தோம். நாய் வளர்க்கும் நண்பர்கள் இந்தத் தேர்வைப் பற்றி அடிக்கடி கேட்பதால், நான் அரிசோனாவின் பக்கம் சாய்ந்ததற்கான காரணத்தை விரிவாக எழுதிவைக்கிறேன்.

இரண்டுமே அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள நெடுந்தூர நடைபாதைகள்; மெக்சிகோ எல்லையில் தொடங்கி வடக்கே செல்கின்றன. பசிபிக் கிரெஸ்ட் பாதையின் மொத்த நீளம் சுமார் 4,265 கிலோமீட்டர். கேம்ப்போ என்னும் கலிஃபோர்னிய எல்லையோரச் சிற்றூரிலிருந்து கென்னடி மெடோஸ் வரையிலான முதல் 1,130 கிலோமீட்டரைத்தான் நடப்பவர்கள் பாலைப் பகுதி என்கிறார்கள். அரிசோனா பாதை சுமார் 1,290 கிலோமீட்டர் நீண்டு யூட்டா எல்லையில் முடிகிறது. 2009இல் தேசிய இயற்கைக்காட்சிப் பாதை என்ற தகுதியைப் பெற்று, 2011இல் முழுமையடைந்தது. அழகில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு சொல்ல மாட்டேன். பசிபிக் கிரெஸ்ட் பாதை குதிரைகளையும் கருதிச் சீரான சரிவில் வெட்டப்பட்டிருப்பதால் முழங்காலுக்கு இதமானது; அரிசோனாவில் கல்லும் செங்குத்தும் அதிகம். கிலுகிலுப்பைப் பாம்பு இரண்டிலும் உண்டு, ஆகவே இரண்டிலும் நாயை வாரில் பிடித்தே நடக்க வேண்டும். தரைச் சூட்டுக்கும் ஒரே விதிதான்: புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்திருக்க முடியாவிட்டால் நாய் அதில் நடக்கக் கூடாது.

நாய்க்கு அனுமதி இல்லாத இடங்கள் இரண்டிலும் இருக்கின்றன. பசிபிக் கிரெஸ்ட் பாதை ஊடறுத்துச் செல்லும் அன்சா-பொரேகோ பாலைப் பூங்காவின் நடைபாதைகளில் நாய்களை விடுவதில்லை; சான் ஹசின்டோ மலைப் பூங்காவிலும் அப்படியே. அரிசோனாவில் சவாரோ தேசியப் பூங்காவின் மலைப்பகுதியும் கிராண்ட் கேன்யனின் விளிம்புக்குக் கீழே உள்ள பகுதியும் விலக்கப்பட்டவை. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் நாய்களைத் தங்கவைக்கும் கூடம் உண்டு. ஆனால் வட விளிம்பில் நாயோடு மீண்டும் சேர வேண்டுமானால், யாராவது அதைச் சாலை வழியாகச் சுமார் 345 கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுவர வேண்டும். எங்களைப் போலப் பகுதி பகுதியாக நடப்பவர்களுக்கு இது பெரிய தடையல்ல, அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம். ஒரே மூச்சில் முழுப் பாதையையும் நடக்க நினைப்பவர்கள் மட்டும் இதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது தண்ணீர். குடிக்கும் தண்ணீரை மட்டும் சொல்லவில்லை. நாய் உடம்பை நனைத்துக்கொள்ளும் தண்ணீரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, காற்று பட்டால் குளிர்கிறது. நாய்க்குப் பாதத் திண்டுகளில் மட்டும் சிறிது வியர்க்கும்; மற்றபடி இரைப்பதன் மூலம், நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை; 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து, அதாவது இடைவெளி ஏறத்தாழ இரண்டு டிகிரி, அவ்வளவுதான். அதிலும் அதன் வயிறு தரைக்கு மிக அருகில் இருப்பதால், மேலே வெயிலும் கீழே மண்ணின் அனலும் சேர்ந்து தாக்குகின்றன. ஓய்வாக இருக்கும் நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் போதும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி செவலைக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக வேண்டும். நிழலற்ற பாதையில் நடக்கும் நாளில் அவள் மூன்று லிட்டர் வரை குடிப்பதை அளந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. அதைச் சுமப்பவன் நான். நாய்க்குப் பை மாட்டி அதையே சுமக்கவிடும் பழக்கம் உண்டு என்றாலும், வெயிலில் அதன் முதுகை மூடிப் பாரமும் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது கேம்ப்போவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் ஹௌசர் ஓடையில். ஏப்ரல் கடைசி வாரம், ஓடை வற்றிக் கிடந்தது. அதைக் கடந்ததும் மொரீனா ஏரிக்குச் செல்லும் செங்குத்தான, நிழலற்ற ஏற்றம் தொடங்குகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு அதில் ஏறத் தொடங்கியது முழுக்க முழுக்க என் தவறு. கால்வாசி ஏறியதும் செவலை ஒரு குத்துச்செடியின் அடியில் படுத்துக்கொண்டு எழ மறுத்தாள். நாக்கு அகன்று தொங்கியது, ஈறுகள் அடர்சிவப்பாகியிருந்தன. என்னிடம் எஞ்சியிருந்தது முக்கால் லிட்டர். பாதியைக் குடிக்கக் கொடுத்தேன், மீதியைத் துணியில் நனைத்து அவள் வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் பாதங்களிலும் ஒற்றினேன். மூச்சு சீராவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்திக்குப் பிறகு மெல்ல நடந்து ஏரியை அடைந்ததும் அவள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்ற காட்சியை என்னால் மறக்க முடியாது. குடிப்பதற்கு ஒரு லிட்டர் குறைந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். உடம்பை நனைக்க ஒரு குட்டை இருந்திருந்தால் அந்த நிலைக்கே வந்திருக்க மாட்டாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தெற்குக் கலிஃபோர்னியப் பகுதியில் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஆனால் வசந்தகால ஓடைகள் வற்றிய பிறகு, குழாயாகவும், மூடிய தொட்டியாகவும், தன்னார்வலர்கள் தூக்கி வந்து வைக்கும் புட்டிகளாகவும்தான் பெரும்பாலும் அது கிடைக்கிறது. சிஸ்ஸர்ஸ் கிராசிங்கிலிருந்து பேரல் ஸ்பிரிங் வரையிலான 38 கிலோமீட்டரில், நடுவே இருக்கும் அத்தகைய புட்டிச் சேமிப்பைத் தவிர நம்பத்தக்க தண்ணீர் கிடையாது. அங்கே அன்சா-பொரேகோ பூங்காவின் தடை இருப்பதால் நான் தனியாக நடந்தேன், எனக்கு மட்டும் ஆறு லிட்டர் சுமந்தேன். யாரோ ஒருவர் முதுகில் சுமந்து வந்த குடிநீரை நாயின் வயிற்றில் ஊற்றுவது நியாயமாகாது. அப்படிப்பட்ட இடத்தில் நாயோடு நடப்பவர், அது குடிப்பதற்கும் நனைவதற்கும் தேவையான அத்தனையையும் தானே தூக்கியாக வேண்டும். என் கணக்கில் இருவருக்கும் சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல் வருகிறது.

அரிசோனா பாதை பெரும்பாலும் மேய்ச்சல் நிலங்களின் ஊடாகச் செல்கிறது. அங்கே வரைபடத்தில் ‘டாங்க்’ என்று எழுதியிருந்தால் அது மூடிபோட்ட தொட்டியல்ல, மாடுகள் குடிப்பதற்காக மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கிய குட்டை. நம்மூர் ஏரிகளை ஆங்கிலேயர் டாங்க் என்று எழுதினார்களே, ஏறத்தாழ அதே பொருள்தான். மனிதருக்கு அந்தத் தண்ணீர் கலங்கல், சாணி வாடை அடிக்கும், வடிகட்டியை அடைக்கும். அதனால்தான் நடப்பவர்கள் பலர் அரிசோனாவின் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள். நாயின் பக்கம் நின்று பார்த்தால் அதே குட்டை ஒரு வரம். செவலை முட்டியளவு சேற்றில் இறங்கி வயிறு படப் படுத்துக்கொள்வாள். பத்து நிமிடத்தில் இரைப்பு அடங்கிவிடும். பாலையின் உலர்ந்த காற்றில் நனைந்த உடம்பு அடுத்த ஒரு மணி நேரத்துக்குத் தானாகவே குளிர்கிறது. இதற்காக நான் ஒரு லிட்டரும் சுமக்க வேண்டியதில்லை. மார்ச் தொடக்கத்தில் கெல்வின் பாலத்திலிருந்து பிக்கெட்போஸ்ட் மலையடிவாரம் வரை நடந்தபோது, பாதை கீலா ஆற்றை ஒட்டியே நெடுந்தூரம் சென்றது. ஆற்று நீர் வண்டல் கலந்து பழுப்பாக இருந்ததால், இரவு முழுவதும் பாத்திரத்தில் தெளியவைத்துத்தான் வடிகட்ட முடிந்தது. ஆனால் நண்பகல் தோறும் அவளை ஆற்றோர நிழலில் ஈரமணலில் படுக்கவைக்க முடிந்தது. பாதை ஆற்றை விட்டு மேலேறும் இடத்தில் மட்டும் ஏழு லிட்டர் நிரப்பிக்கொண்டு விடியும் முன் கிளம்பினோம்.

குட்டைகளில் ஓர் உண்மையான ஆபத்து உண்டு. வெப்பம் கூடக்கூட, தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசி படரும். அதன் நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொன்றுவிடக்கூடியது, நாம் கொண்டு செல்லும் கைவடிகட்டி அதை நீக்காது. பச்சை வண்ணம் கொட்டியதுபோல் ஏடு படிந்திருந்தால் பாதம் நனையவும் நான் விடுவதில்லை. தெளிந்த குட்டையிலும் வடிகட்டிய நீரை முதலில் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க விடுகிறேன். அப்படியும் இரண்டு வாய் நக்குவதைத் தடுக்க முடிவதில்லை. அதனால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டுவிடுகிறோம்.

அரிசோனாவுக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. ‘சோயா’ (cholla) என்னும் கள்ளியின் முள்ளுருண்டைகள் உதிர்ந்து பாதையெங்கும் கிடக்கும். நாய் அதை மிதித்து, வாயால் பிடுங்கப் போய், உதட்டிலும் குத்திக்கொள்ளும். அகலப்பல் சீப்பும் சிறு குறடும் எப்போதும் என் இடுப்புப் பையில் இருக்கும். அங்கே கோடையில் வரும் மழைக்காலத்தில் வெளிவரும் சோனோரன் பாலைத் தேரையைக் கவ்வினால் நாய்க்கு உயிராபத்து. கோடையில் நடக்காதிருப்பதே அதற்குத் தீர்வு. இவை இரண்டையும்விட என்னைக் கவலைப்படுத்துவது பள்ளத்தாக்குக் காய்ச்சல். தென் அரிசோனாவின் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் நுண்விதைகள் புழுதியோடு மூச்சில் கலந்து வருகிற நோய் அது. மூக்கைத் தரையில் வைத்தே நடக்கும் நாய்கள் எளிதில் அகப்படுகின்றன. இருமலும் பசியின்மையும் நொண்டலும் தெரிந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், பூஞ்சைக்கொல்லி மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவிலும் இந்த நோய் உண்டு என்றாலும், வெளியூரிலிருந்து நாயைக் கொண்டுவருபவர்கள் அரிசோனாவைத் தேர்ந்தெடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் இதைப் பேசிவிட வேண்டும். செவலை இந்த மண்ணிலேயே வளர்ந்தவள் என்பதால் எங்களுக்கு அது புதிதாகச் சேர்ந்த ஆபத்தல்ல.

என் தீர்ப்பின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பசிபிக் கிரெஸ்ட் பாதையில் செவலையோடு நான் நடந்தது கேம்ப்போவிலிருந்து மவுன்ட் லகுனா வரையிலான 67 கிலோமீட்டர்தான். மொஹாவி சமவெளியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கால்வாயை ஒட்டிச் செல்லும் பகுதியில் நான் நடந்ததே இல்லை. அரிசோனாவிலும் எல்லா இடத்திலும் குட்டை இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். ஆரகிள் ஊரிலிருந்து கெல்வின் வரையிலான பகுதி மிகவும் வறண்டது, அங்கே அவளை அழைத்துப் போக எனக்குத் துணிவில்லை. மேலும் நாங்கள் நடப்பது நவம்பரிலிருந்து மார்ச் வரை மட்டுமே. அதே மாதங்களில் கேம்ப்போவுக்குப் போயிருந்தால் ஹௌசர் ஏற்றத்தில் அந்தத் துன்பம் நேர்ந்திருக்காது என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒருநாள் எதிர்பாராத வெயில் அடித்தால் நாய் எங்கே போய்ப் படுக்கும் என்ற கேள்விக்கு, அரிசோனா வரைபடத்தில் என்னால் விரலை வைத்துக் காட்ட முடிகிறது.

வரும் நவம்பரில் சூப்பர்ஸ்டிஷன் மலைகளின் ஊடாக ரூஸ்வெல்ட் ஏரி வரை செல்ல எண்ணியிருக்கிறோம். நடுவே ரீவிஸ் ஓடை இருக்கிறது. கிளம்பும் வாரத்தில் அங்கே சென்று திரும்பியவர்கள் ஓடையில் நீர் ஓடுகிறது என்று சொன்னால் செவலை வருவாள்; வற்றிவிட்டது என்றால் அவள் வீட்டில் இருப்பாள், நான் மட்டும் போவேன்.