லக்னோ-49 கொய்யாப் பதியன்: கடலூர் தோட்டத்துக்குத் தேறுமா?

கடலூர், புதுச்சேரி நர்சரிகளில் பையோடு கிடைக்கும் லக்னோ-49 ரகக் கொய்யாப் பதியன் கன்றுக்கு (தாய்மரக் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்தெடுத்த கன்று) ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். வெள்ளைச் சதை, நல்ல இனிப்பு, பெரிய காய்.

ஒரு மதிப்பெண் குறைவது வேருக்காக. பதியனுக்கு ஆணிவேர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகைப் புயல்காற்றில் சாய்ந்துவிடும். நட்ட அன்றே கம்பு ஊன்றிக் கட்டுங்கள். பைக்குள் வேர் சுருண்டு இறுகியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பவும். மழைநீர் தேங்கும் தாழ்வான மனையா? மேடு கட்டித்தான் நட வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகும். பூப்பது புதுத் தளிரில். அதனால் காய்ப்பு ஓய்ந்ததும் கிளை நுனிகளை 10-15 செ.மீ. வெட்டிவிடுங்கள், வெட்டாத மரம் உயரத்தான் போகும், பறிக்க ஏணி தேடணும்.

மழைக்காலப் பழத்தில் புழு என்றால் அது பழ ஈயின் வேலை. எலுமிச்சை அளவிலேயே காய்க்குத் துணிப்பை கட்டிவிட்டால் மருந்துக்கு வேலையில்லை. உதிர்ந்த பழத்தை மரத்தடியில் விடாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டும்.

செங்காயாகப் பறித்து உப்பு, மிளகாய்த்தூளோடு தின்ன இந்த ரகம் தோது. ஜாமுக்குச் சிவப்புச் சதை ரகம் பாருங்கள்.