ஒரே அரங்கில் கச்சேரியும் சினிமாவும்: சீசன் பாஸ் வாங்கலாமா?

கச்சேரியும் படமும் நடத்தும் ஒரு பண்பாட்டு மையத்தின் சீசன் பாஸை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். கச்சேரிகளுக்காக என்றால் யோசிக்காமல் வாங்குங்கள், படங்களுக்காக மட்டும் என்றால் வேண்டாம், ஆனால் ஊமைப்படத்துக்கு நேரடியாக இசை வாசிக்கிற நிகழ்ச்சி அட்டவணையில் இருந்தால் தனி டிக்கெட் எடுத்தாவது அதற்குப் போய்விடுங்கள். இந்தப் பண்பாட்டு மையத்தின் சீசனில் நல்லது, கெட்டது இரண்டுக்குமே காரணம் அந்த அரங்கம்தான். நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்தவருக்கு ரசனை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அரங்கத்துக்கு எது ஒத்துவரும், எது வராது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

உயரமான கூரை, இரண்டு பக்கமும் வெறும் சுவர், மரத்தரை, மெத்தை இல்லாத நாற்காலிகள். மேடையில் ஒருவர் கைதட்டினால் அந்தச் சத்தம் உடனே அடங்காது, கூரைக்கடியில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் போகும். பள்ளியில் எதிர்முழக்கம் என்று படித்திருப்போமே, அதுதான். இதை முதன்முதலில் கணக்காக அளந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895 வாக்கில் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவு நேரத்தில் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். மெத்தை ஏற ஏற அந்த நேரம் குறைந்தது. அந்தக் கணக்கை வைத்துக் கட்டியதுதான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால். இன்றைக்கும் அடிப்படை அதேதான். பெரிய வாத்தியக் குழுவுக்குச் சத்தம் 2 விநாடி அளவுக்கு நின்றால் அழகு, பேச்சுக்கு 1 விநாடிக்குள் அடங்கினால்தான் வார்த்தை புரியும். வசனம் பேசும் படமும் மைக் இல்லாத கச்சேரியும் ஒரே கூரைக்குக் கீழே நடக்க வேண்டும் என்றால் அரங்கத்தைக் கொஞ்சம் மாற்றியமைக்க வேண்டும். இங்கே யாரும் அதைச் செய்யவில்லை, அரங்கம் முழுக்க முழுக்கக் கச்சேரியின் பக்கம் நிற்கிறது.

அதனால்தான் வீணைக் கச்சேரி அவ்வளவு நன்றாக அமைந்தது. வீணையை இப்போதெல்லாம் காண்டாக்ட் மைக் ஒட்டாமல் கேட்பதே அரிது. அந்த மைக் கம்பியின் சத்தத்தைத் தரும், மரத்தின் சத்தத்தைத் தராது, போதாததற்கு ஒவ்வொரு மீட்டலிலும் நகம் பட்ட 'டக்' ஒன்று கூடவே வரும். இங்கே மைக்கே இல்லை. தொடங்குவதற்கு முன் ஏசியை நிறுத்திவிட்டார்கள் (வியர்த்தது, பரவாயில்லை), கதவைச் சாத்தினார்கள், கலைஞர் ஒரு நிமிடம் மெதுவாகத் தானம் (தாளக்கட்டு இல்லாத ராக வாசிப்பு) மாதிரி ஏதோ மீட்டிக்கொண்டே அரங்கின் காதைத் தன் அளவுக்குக் கொண்டுவந்தார். முதல் சில நிமிடம் 'இவ்வளவு மெல்லிசாகவா கேட்கும்?' என்று தோன்றும், அப்புறம் காது தானாகவே இறங்கிவிடும். வீணைத் தண்டின் ஒரு மெட்டில் (விரல் வைக்கும் கட்டையில்) கம்பியை இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொட்டு இறங்கும்போது, ஸ்வரம் நின்ற பிறகும் அதன் வால் கூரையில் இருந்தது, அதன் மேல் அடுத்த ஸ்வரம் வந்து உட்கார்ந்தது. மிருதங்கக்காரரையும் பாராட்ட வேண்டும், தொப்பியை, அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தை, தொட்டும் தொடாமலும் வாசித்தார். அவர் தனியாக வாசிக்கும் தனியாவர்த்தனத்தில் மட்டும் கொஞ்சம் கை திறந்தார், உடனே தாளச் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின, அவரே புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அனுபவம்!

மேற்கத்திய ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டும் அதே ரகம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, மைக் கிடையாது, நான்கு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, மேலும் எழுதவும் ஒன்றுமில்லை.

நாகஸ்வரத்தில்தான் கோட்டை விட்டார்கள். திறந்தவெளியில், வீதி முழுக்கக் கேட்பதற்காகவே உருவான வாத்தியம் அது, தவிலும் அப்படித்தான். இந்த அரங்கத்தில் இரண்டையும் அப்படியே வாசித்தாலே ததும்பும். அதற்கு மேடையில் மூன்று மைக், இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்! ஒலிப்பதிவுக்காக ஒரு மைக் வைத்தால் புரிந்துகொள்ளலாம், இது அதற்கு இல்லை, நேராக நம் காதுக்கு. ராக ஆலாபனை வரை தாங்கியது. தவில் சேர்ந்ததும் சத்தம் சத்தத்தோடு மோதி ஒரே இரைச்சல். இடைவேளையில் சவுண்டு மேசையில் இருந்த தம்பியிடம் போய் "ஸ்பீக்கரை நிறுத்திப் பாருங்களேன்" என்றேன். "எல்லாக் கச்சேரிக்கும் இதே செட்டிங்தான் சார்" என்றார். வீணைக்கு இல்லையே தம்பி? "அது அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்." ஆக, வீணைக் கச்சேரி நன்றாக அமைந்ததற்கு மையம் காரணமில்லை, கலைஞரின் பிடிவாதம் காரணம். ஜாஸ் மூவர் கச்சேரியிலும் டிரம்ஸ் இதே மாதிரிதான் எல்லாவற்றையும் விழுங்கியது, பியானோக்காரரின் இடது கை என்ன செய்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இனி படங்கள்.

சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்' போட்டார்கள். 1958-ல் வந்த படம், சொத்தெல்லாம் கரைந்த பிறகும் வீட்டில் கச்சேரி வைத்தே தீருவேன் என்று நிற்கும் ஜமீன்தாரின் கதை, இசை சிதார் கலைஞர் உஸ்தாத் விலாயத் கான். கச்சேரி சீசனுக்கு நடுவில் இதைப் போட வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். படத்தில் இந்துஸ்தானிப் பாடகி பேகம் அக்தர் பாடும் காட்சி வந்ததும் இந்த அரங்கம் படத்துக்குள்ளேயே ஒரு கூடமாக மாறிவிட்டது, பாட்டு திரையிலிருந்து வருகிறதா நமக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. அடுத்த காட்சியில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான், கிணற்றுக்குள் பேசுவது போல ஒரே முழக்கம். எனக்கு வங்காளம் தெரியாது, அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பெரியவருக்குத் தெரியும், அவரே சப்டைட்டிலைத்தான் படித்துக்கொண்டிருந்தார். சப்டைட்டிலாவது ஒழுங்காக இருந்ததா? கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் கறுப்புக் கோடு கிடையாது, ஜமீன்தாரின் வெள்ளை உடையின் மேல் வந்தால் எழுத்து காணாமல் போய்விடும்.

தொடங்கும்போது இன்னொரு கூத்து. அந்தக் காலப் படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம், அகலமும் உயரமும் 1.37-க்கு 1 என்ற கணக்கு. இவர்கள் அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று ஜூம் செய்துவிட, எல்லோருக்கும் நெற்றிக்கு மேல் இல்லை. பின்னாலிருந்து யாரோ "தலையை வெட்டாதீங்கப்பா!" என்று கத்திய பிறகுதான் சரிசெய்தார்கள். சரிசெய்தவர் மௌஸை நகர்த்திவிட்டுப் போய்விட்டார் போல, ஒரு சின்ன வெள்ளை அம்பு திரையின் வலப்பக்கம் அப்படியே நின்றது. ஜமீன்தார் முகத்தில் குத்தியது, சரவிளக்கில் தொங்கியது, யானையின் முதுகில் ஏறியது. இவ்வளவு அக்கறையோடு தேர்ந்தெடுத்த படத்தை ஒரு லேப்டாப்பிலிருந்து ஓட்டிவிட்டு, புரொஜெக்டர் பக்கத்தில் ஓர் ஆளைக்கூட உட்கார வைக்கவில்லை என்றால் என்ன சொல்வது?

இதற்கு மருந்து அரங்கத்துக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் எரிச்சல். இரண்டு சுவர் ஓரமும் கனமான வெல்வெட் திரைச்சீலைகள், கயிறு போட்டுக் கட்டி மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால் நாட்டிய நிகழ்ச்சிக்காம். சுவர் முழுக்க இழுத்துவிட்டால் சபைனின் மெத்தைகள் செய்த வேலையை இவை செய்யும். சீசனின் கடைசிப் படத்துக்கு யாரோ புண்ணியவான் இழுத்துவிட்டிருந்தார், வசனம் முக்கால்வாசி தெளிந்தது. செலவே இல்லாத காரியம், சீசன் முடிகிற நேரத்தில்தான் நடந்தது.

இப்போது அந்த ஊமைப்பட இரவுக்கு வருகிறேன். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்', 1927, நிலத்தடியில் இயந்திரங்களோடு உழைக்கும் தொழிலாளர்கள் வாழும் எதிர்கால நகரத்தின் கதை, ஜெர்மன் படம். அதற்கு முன்னால் சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியேர் சகோதரர்களின் ஒரு நிமிடம்கூட ஓடாத படம், 1895-ல் எடுத்தது, தொழிற்சாலை வாசல் திறந்து தொழிலாளர்கள் வெளியே வருவார்கள். இந்த மாதிரிப் படங்களை விநாடிக்குச் சுமார் 16 சட்டகம் (ஃபிரேம்) என்ற வேகத்தில் கையால் சுற்றி எடுத்தார்கள். பேசும் படம் வந்த பிறகு நிலைத்த 24 சட்டக வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் குடுகுடுவென ஓடுவார்கள், பழைய படம் என்றாலே அப்படித்தான் என்று நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே வேகத்தைச் சரியாக வைத்திருந்தார்கள். பெண்கள் சாதாரணமாக நடந்து, பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அது முடிந்த கையோடு மெட்ரோபோலிஸின் தொழிலாளர்கள் தலை கவிழ்ந்து, வரிசை கலையாமல், ஒரே அடி வைத்து ஷிப்ட் மாறுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு.

இந்தப் படத்துக்கே ஒரு கதை உண்டு. வெளியான கொஞ்ச காலத்திலேயே வெட்டிக் குறைத்து, வெட்டிய பகுதி தொலைந்தே போயிற்று என்று முடிவுகட்டியிருந்தார்கள். 2008-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. பிரதி ஒன்றில் அந்தக் காட்சிகள் கிடைத்தன. சுமார் 25 நிமிடம் கூடி 2010-ல் மறுபடி திரைக்கு வந்தது. எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று ஒழுங்குபடுத்த, படத்தை மீட்டவர்களுக்குக் கைகொடுத்தது கோட்ஃபிரீட் ஹுப்பர்ட்ஸ் 1927-ல் எழுதிய இசைக்குறிப்பு. இசை காப்பாற்றிக் கொடுத்த படம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அன்றைக்கு வாசித்த மூவரும், பியானோ, செல்லோ, தாள வாத்தியம், அந்தக் குறிப்பை எடுக்கவில்லை, தாங்களே அமைத்தது. கண்டெடுத்த காட்சிகள் எவை என்று பார்த்தாலே தெரியும், மழை பெய்வது போலச் செங்குத்துக் கீறல், சட்டகமும் ஒரு பக்கம் சிறுத்திருக்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் பியானோ நின்று செல்லோ மட்டும் வாசித்தது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன், மூன்றாவது முறையும் அப்படியே வந்ததும் புரிந்தது. கடிகாரம் மாதிரியான பெரிய இயந்திரத்தின் முட்களை இழுத்து இழுத்து நாயகன் துவளும் காட்சியில் தாளக்காரர் டிரம் விளிம்பில் குச்சியால் தட்டினார், அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. வேகம் கூடவில்லை, குறையவில்லை. வசனத்தைக் கெடுத்த அதே கூரை இங்கே ஒவ்வொரு தட்டையும் வாங்கித் திருப்பி அனுப்பியது, அரங்கமே அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருந்தது. இரண்டரை மணி நேரம், இருமல் சத்தம்கூட அதிகம் இல்லை. வசனம் இல்லாத படம், மைக் இல்லாத இசை. இந்த அரங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதையும் போட முடியாது, அதை ஒரே ஒரு முறைதான் போட்டார்கள்.

படம் முடிந்த பின் நடந்த கலந்துரையாடல்களைப் பற்றிக் கேட்காதீர்கள். "எனக்கு ஒரே ஒரு கேள்வி" என்று மைக்கை வாங்கியவர்கள் உரை நிகழ்த்திவிட்டு உட்கார்ந்தார்கள், நடத்துனர் சிரித்துக்கொண்டே இருந்தார். முக்கால் அரங்கம் அதற்குள் காலி.

பாஸ் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாக ஆன்லைனில் இடம் பதிவு செய்ய வேண்டும், இதைச் சின்ன எழுத்தில் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள். பதிவு திறந்ததும் நிரம்பிவிடும். அன்றைக்குப் போனால் நான்கில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், பதிவு செய்தவர்கள் வந்திருக்க மாட்டார்கள், வாசலில் இருப்பவர்களை உள்ளே விடவும் மாட்டார்கள். தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு காலி இடங்களைத் திறந்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

போவதாக இருந்தால் கச்சேரிக்கு நடு வரிசைகளில் உட்காருங்கள். வசனம் உள்ள படம் என்றால் முதல் மூன்று வரிசை, ஸ்பீக்கருக்குப் பக்கமாக, கழுத்து வலித்தாலும் வார்த்தை புரியும். இடப்பக்கக் கடைசி நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு தூண் நிற்கிறது, பதிவு செய்யும் வரைபடத்தில் அந்தத் தூண் இல்லை.