மாதக் காலண்டரும் சிவப்புப் பேனாவும்: மூன்று வருடம் பயன்படுத்திய அனுபவம்

2021 டிசம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.3 சதவீதம் என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். சர்க்கரையால் அப்பாவுக்குக் கால் விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே படுத்திருந்தவன் நான். அன்றைக்கு ராத்திரியே கையில் கட்டுகிற பேண்டு ஒன்றை ஆர்டர் போட்டு, தினமும் பத்தாயிரம் அடி, ஆறு மாதத்தில் பத்து கிலோ, இரவில் சோறே கிடையாது என்று ஒரே மூச்சில் மூன்று தீர்மானம் எடுத்தேன். ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் ‘மான்போ-கெய்’, பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த பெயர். அந்த எண்ணை எட்டவில்லையே என்று தினமும் படுக்கப் போகும்போது மனசு விட்டுப்போய், அடுத்த நாள் நடப்பதே நின்றுபோனது.

2022 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் சமையலறைச் சுவரில் தொங்கியது. பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் என் மனைவி அதில்தான் குறிப்பார். தீர்மானத்தை ஒரே வரியாகச் சுருக்கினேன்: காலையில் பால் பாக்கெட் வாங்கப் போகும்போது அப்படியே தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன். எங்கள் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பால் எப்படியும் வாங்கியாக வேண்டும், அதனால் கிளம்பலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை. சுற்றி வந்தால் அந்தக் கட்டத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. பெரும்பாலான நாள் ஒரு சுற்று தானாகவே மூன்றானது, ஆனால் ஒன்று போனாலும் குறி உண்டு.

இதில் எனக்கு அதிகம் உதவியது அந்தக் குறி அல்ல, போகாத நாளில் பென்சிலால் எழுதிய எழுத்துதான். மழை என்றால் ‘ம’, காய்ச்சல் என்றால் ‘கா’, விசேஷ வீடு என்றால் ‘வி’, ஊருக்குப் போயிருந்தால் ‘ஊ’, எழுந்திருக்க முடியவில்லை என்றால் ‘தூ’. டிசம்பர் கடைசியில் காலண்டரைக் கழற்றித் தரையில் போட்டு எண்ணினேன். 328 நாளில் 214 நாள் நடந்திருக்கிறேன். விடுபட்ட 114-ல் 61 ‘தூ’. எனக்குச் சோம்பல் அதிகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பார்த்தால், அந்த ‘தூ’ எல்லாம் முந்தைய ராத்திரி பன்னிரண்டு தாண்டி போன் பார்த்த நாட்கள். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றினேன், வேறெதுவும் செய்யவில்லை. 2023-ல் ‘தூ’ 19 ஆகக் குறைந்தது.

இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் தகுந்தாற்போல் 18-லிருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதையும் அதில் பார்த்தார்கள். எனக்கு நாலு மாதம் பிடித்தது. இருபத்திரண்டாவது நாள் நான் எவ்வளவு சிரமப்பட்டு எழுந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

குறைகளும் உண்டு. வெளியூரில் இருந்துவிட்டு ஞாபகத்தில் குறி போட்டால் கணக்கு சரியாக வராது, இப்போது ஒரு துண்டுச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். தைப்பூசத் தெப்பத் திருவிழா சமயத்தில் குளத்தைச் சுற்றி நடக்கவே முடியாது, அந்த நாட்களுக்கு மொட்டை மாடிதான். அப்புறம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும். எனக்கு அது நல்லதாகவே போனது. “என்னங்க, இந்த வாரம் ஒரு சிவப்பையும் காணோம்?” என்று மனைவி கேட்ட இரண்டு தடவையும் மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன்.

கடைசியாக எடுத்த பரிசோதனையில் 5.8. நடை மட்டும் காரணம் இல்லை; முதல் வருடம் முடிந்த பிறகு இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன், டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். அந்த இரண்டையும் நடையோடு சேர்த்துத் தொடங்கியிருந்தால் மூன்றுமே போயிருக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: தினசரி கிழிக்கிற காலண்டர் இதற்கு ஆகாது, போன நாள் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். கட்டம் பெரிதாக இருக்கிற மாதக் காலண்டராகப் பாருங்கள். பேனாவை ஒரு நூலில் கட்டி அதே ஆணியில் தொங்கவிடுங்கள், தேடுகிற நேரத்தில் குறி போட மறந்துபோகும்.