கேஃப் பாய்மரப் படகு: பல பருவங்கள் ஓட்டியவர்கள் சொல்வது

விற்பனைக்கு வரும் பழைய பாணிப் பாய்மரப் படகுகளில் கேஃப் கட்டருக்கு (ஒற்றைப் பாய்மரத்தில் நாற்கோணப் பெரிய பாயும் முன்னால் சிறு பாய்களும் கொண்ட படகு) எப்போதும் ஒரு கூட்டம் உண்டு. செம்பழுப்புப் பாய், வார்னிஷ் மினுங்கும் கம்பங்கள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பமான பவ்ஸ்பிரிட் எல்லாம் சேர்ந்து, படத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே மனசு சாய்ந்துவிடும். இங்கே பேசப்போவது 24 முதல் 28 அடி வரை நீளமுள்ள, ஃபைபர் உடலும் மரக்கம்பங்களும் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவும் (கீல்) கொண்ட படகுகளைப் பற்றி. இவற்றின் பாயைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் சில பருவங்களிலேயே பாய் கைக்குப் பழகிவிடும். மரமும் இரும்பும் சேரும் இடங்களும் கயிறு உரசும் இடங்களும்தான் கடைசிவரை வேலை வைக்கும்.

பெரிய பாய் நாற்கோணம். அதன் மேல்விளிம்பைத் தாங்குகிற கம்பம்தான் கேஃப். அதன் முன்முனையில் கவைபோலப் பிளந்த தாடை பாய்மரத்தைக் கவ்வியிருக்கும். முக்கோணப் பாயை ஏற்ற ஒரே ஹேல்யார்ட் (பாயை மேலேற்றும் கயிறு) போதும். இங்கே இரண்டு: தாடைப் பக்கம் த்ரோட், பின்முனைப் பக்கம் பீக். படகைக் காற்றுக்கு நேர் எதிரே நிறுத்தி, முதலில் டாப்பிங் லிஃப்டை, அதாவது பூமை (பாயின் அடிவிளிம்புக் கம்பம்) மேலிருந்து தாங்கும் கயிற்றை, இழுத்து பூமின் பாரத்தை அதில் ஏற்றிவிட வேண்டும். பிறகு இரண்டு ஹேல்யார்டையும் சேர்த்து இழுக்கலாம். கேஃப் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, பின்முனை மட்டும் சற்றே தூக்கலாக மேலேற வேண்டும். பீக் ரொம்ப முந்தினால் தாடை பாய்மரத்தில் இறுகி நின்றுவிடும். அப்போது இன்னும் பலமாக இழுத்துப் பிரயோஜனமில்லை, பீக்கைக் கொஞ்சம் விட்டால் தானே விடுபடும்.

த்ரோட் உச்சிக்குப் போனதும் பாயின் முன்விளிம்பு விறைப்பாகும்வரை இறுக்கிக் கட்டிவிட்டு, பீக்கை மட்டும் தொடர்ந்து ஏற்ற வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைப் பாயின் சுருக்கமே காட்டும். தாடையிலிருந்து பூமின் பின்முனை நோக்கிக் குறுக்கே மடிப்பு ஓடினால் பீக் போதவில்லை. அது மறைந்து, பீக்கிலிருந்து பாய்மரத்தின் அடிப்பக்கம் நோக்கி லேசாக ஒரு மடிப்பு விழும்போது நிறுத்திவிடலாம். பாயில் காற்று நிறைந்ததும் இந்த மடிப்பு போய்விடும். போகவில்லையென்றால் ஒரு சாண் தளர்த்தினால் போதும். டாப்பிங் லிஃப்டைத் தளர்த்துவது கடைசி வேலை, அதிகம் மறந்துபோகிற வேலையும் அதுதான். சாதாரண மூன்றுபுரி பாலியெஸ்டர் கயிறு போட்டிருந்தால் அரைமணி நேரத்தில் பீக் தொய்ந்திருக்கும், மறுபடி இறுக்க வேண்டிவரும். முன்னரே இழுவை கொடுத்துத் தயாரித்த கயிறு போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இரண்டு கயிறு இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. திடீரென்று காற்று ஏறினால் பீக்கை மட்டும் இறக்கிவிட்டால் பாயின் பலம் பாதியாகிவிடும். நங்கூரமிடும் இடத்தை நெருங்கும்போதும் இதுவே வேகக் கட்டுப்பாடு. ஆனால் டாப்பிங் லிஃப்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்காமல் பீக்கை விட்டால் பூம் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கே வரும்.

காற்றுக்கு எதிரே ஏறுவதில் கேஃப் பின்தங்கும் என்பது உண்மைதான். முக்கோணப் பாயுள்ள நவீனப் படகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்ப 90 டிகிரிக்குள் முடித்துக்கொள்ளும். இதற்கு 100க்கு மேல் வேண்டும், குட்டை அலையில் இன்னும் மோசம். கேஃப் காற்றொதுங்கும் பக்கம் சாய்ந்து, பாயின் மேல்பாதி முறுக்கிக்கொள்வது முக்கியக் காரணம். காற்று பக்கவாட்டிலோ பின்பக்கவாட்டிலோ வந்துவிட்டால் கதை மாறிவிடும். குட்டையான பாய்மரத்தில் இவ்வளவு துணியை விரிக்க முடிவதால் படகு அதிகம் சாயாமல் இழுத்துக்கொண்டு போகும். கேஃப் என்றாலே ஆமைவேகம் என்பவர்களுக்கு ஜோலி ப்ரீஸைச் சொல்லலாம். 1913இல் பிரான்சின் லெ ஹாவ்ரில் பைலட் படகாக (கப்பல்களுக்குத் துறைமுக வழிகாட்டியைக் கொண்டுசேர்க்கும் படகு) கட்டப்பட்ட கேஃப் கட்டர் அது. இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பாய்மரப் பந்தயம் 1925இல் முதல்முறை நடந்தபோது வென்றதும் அதுதான்.

சுக்கான் கனக்கிறது என்பது புதிதாக வாங்கியவர்கள் தவறாமல் சொல்கிற புகார். பூம் நீளமானது. காற்று ஏறும்போது பாயின் இழுவை பின்னால் நகர்ந்து, அணியத்தை (படகின் முன்முனை) காற்றின் பக்கம் திருப்பப் பார்க்கும். சுக்கான் பிடியோடு மல்லுக்கட்டினால் சுக்கானே தடைபோட்டு வேகத்தைக் குறைத்துவிடும். முதலில் மெயின்ஷீட்டை (பூமை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிறு) தளர்த்த வேண்டும், அப்புறம் பெரிய பாயைச் சுருக்க வேண்டும். 14, 15 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) காற்றிலேயே முதல் சுருக்குப் போடுவது நல்லது. பலர் ஜிப் எனும் முன்பாயைச் சுருட்டுவது சுலபம் என்று அதை முதலில் சுருட்டுகிறார்கள். முன்னால் இருந்த சமநிலை அதோடு போய், சுக்கான் இன்னும் கனக்கும்.

காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு பூமைப் பக்கம் மாற்றுவதுதான் கவனம் வேண்டிய வேலை. கேஃபின் பின்முனை இடிக்கும் என்பதால் இந்தப் படகில் பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் நிலையான கம்பி (பின்ஸ்டே) கிடையாது. அதற்குப் பதில் இருபக்கமும் மாற்றி மாற்றி இறுக்குகிற ரன்னர் கயிறுகள்தான். மெயின்ஷீட்டை முழுக்க உள்ளே இழுத்து, புதுப்பக்க ரன்னரை இறுக்கி, பூம் தாண்டியதும் பழையதை உடனே விட்டுவிட்டு, பிறகுதான் ஷீட்டைத் தர வேண்டும். பழைய ரன்னரை விட மறந்தால் பூம் அதில் போய் மோதும். தனியாளாக, பலத்த காற்றில் இதைச் செய்யவே வேண்டாம். மறுபக்கமாகச் சுற்றி, காற்றுக்கு எதிரே திரும்பிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. எஞ்சினில் பின்னோக்கிப் போகும்போது நீண்ட ஏரா சொல்பேச்சுக் கேட்காது. புரொப்பெல்லர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற துறைப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பாய்மரத்தில் வார்னிஷுக்கு அடியில் கருப்புக் கறை இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். கறை எங்கே என்பதுதான் கேள்வி. அடிமுனை, கம்பிகளைத் தாங்கும் இரும்புப் பட்டைகளின் கீழ்விளிம்பு, தாடை வழக்கமாக உட்காரும் இடம் மூன்றிலும் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் திருப்பித் தள்ளும். இளகின மரத்தில் அது சத்தமில்லாமல் இறங்கும். ஒரே மரத்தில் செதுக்கிய கம்பத்தில் நார் ஓடும் திசையிலேயே நீளமாக வெடிப்புகள் இருந்தால் பயப்படத் தேவையில்லை, காய்ந்த மரத்தில் அது சகஜம். அதை எபாக்ஸியால் அடைத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மழையில் மரம் ஊதும்போது அந்தக் கெட்டிப் பொருள் ஆப்பாக மாறி, வெடிப்பைப் பெரிதாக்கும். அங்கே ஆளிவிதை எண்ணெயில் குழைத்த மென்மையான பட்டிதான் (putty) சரி. நாருக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பும், ஒட்டுப்போட்ட கம்பத்தில் பசைக்கோடு திறந்திருப்பதும் வேறு விஷயம். அப்படிப்பட்ட கம்பத்தை வைத்து விலை பேச வேண்டாம், கம்பமே மாற்ற வேண்டியிருக்கலாம்.

பவ்ஸ்பிரிட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் பாப்ஸ்டேயின் கீழ்ப்பிடி நீர்மட்டத்தை ஒட்டி இருப்பதால் எப்போதும் ஈரம். துருப்பிடிக்காத எஃகு என்று நம்பிவிடக் கூடாது. காற்றுப் புகாத இடுக்கில் அந்த எஃகும் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். போல்ட்டில் ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பிடி விட்டுப்போனால் பவ்ஸ்பிரிட் மேலே எகிறும். பாய்மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் உள்பக்கக் கம்பி (உள் ஸ்டே) அணியத்திலேயே கட்டப்பட்டிருந்தால் பாய்மரம் நிற்கும், இல்லையென்றால் அதுவும் பின்னாலேயே சாயும். நங்கூரமிட்ட இரவுகளில் சங்கிலி பாப்ஸ்டேயில் உரசுகிற சத்தம் தூங்கவிடாது. கப்பிகளோடு தளர்த்தக்கூடிய பாப்ஸ்டே என்றால் அதை ஒதுக்கிக் கட்டிவிடலாம். பல துறைகளில் கட்டணம் பவ்ஸ்பிரிட்டையும் சேர்த்து அளந்தே வாங்குகிறார்கள். அதனால் உள்ளே இழுத்துக்கொள்ள முடிகிற வகையா என்றும் கேட்க வேண்டும்.

பராமரிப்பில் பெரும்பங்கு வார்னிஷுக்கே. வெறும் மரத்திலிருந்து தொடங்கினால் முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து, மொத்தம் ஏழெட்டுப் பூச்சு. அதன்பின் ஆண்டுதோறும் தேய்த்து இரண்டு பூச்சு. ஒரு வருஷம் விட்டால் அடுத்த வருஷம் பூச முடியாது, சுரண்டத்தான் முடியும். தாடையின் உள்பக்கத் தோலுக்கு மாட்டுக்கொழுப்பு தடவிக்கொண்டே இருக்க வேண்டும். தோல் தேய்ந்து ஆணித்தலை வெளியே வந்தால் அது பாய்மரத்தை உழுதுவிடும். பாய்மரத்தைச் சுற்றித் தாடையைப் பிடித்துவைக்கும் மரமணிகள் பல ஆண்டு உழைக்கும். உள்ளே ஓடும் கயிறுதான் முடிச்சருகே அறும், அதை ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது மேல். பாயைப் பாய்மரத்தோடு பின்னும் கயிறு சுற்றிச் சுற்றிப் போகக் கூடாது. முன்னும் பின்னுமாக மடங்கி வந்தால்தான் இறக்கும்போது இளகும். செம்பழுப்புப் பாய் கறையை மறைக்கும், இற்றுப்போன தையலையும் சேர்த்தே மறைக்கும். நகத்தால் நிமிண்டினால் நூல் பிரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பேரம் முடியும் முன் ஒருமுறை கடலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஓட்டத்தில் வேகத்தைவிடப் பாயை இறக்கும் நேரம்தான் முக்கியம். காற்றுக்கு எதிரே நின்று இரண்டு ஹேல்யார்டையும் விட்டால், கேஃப் தன் கனத்திலேயே கீழே வர வேண்டும். பாதியில் நின்றால் தோல் காய்ந்திருக்கிறதா, பின்னல் இறுகுகிறதா, ஹேல்யார்ட் கப்பிகளில் கயிறு பெருத்து மாட்டுகிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் நின்றால் பாய்மரமே வளைந்திருக்கலாம்.