பவர் பிஐயா, டேப்லோவா, லுக்கர் ஸ்டுடியோவா: டேஷ்போர்டு கத்துக்க எதுல ஆரம்பிக்கறது?

டேட்டா விஷுவலைசேஷன் (டேட்டாவ சார்ட்டா, டேஷ்போர்டா காட்டறது) கத்துக்கணும், எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம்னு யார் கேட்டாலும் "எதுல வேணா ஆரம்பிங்க, கான்செப்ட் எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லிடறாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. கான்செப்ட் ஒண்ணுதான், சரி, ஆனா எந்தக் கான்செப்ட்டுல உங்கள முதல்ல முட்ட வைக்குதுங்கறது டூலுக்கு டூல் மாறும். பவர் பிஐ முதல் வாரத்துலயே டேட்டா மாடல்ல, அதாவது எந்த டேபிள் எதோட எப்படி இணையுதுங்கறதுல, கொண்டுபோய் முட்ட வைக்கும். டேப்லோ "இந்தக் கேள்விக்கு என்ன சார்ட்?"னு யோசிக்க வைக்கும். லுக்கர் ஸ்டுடியோ ரெண்டையும் பெருசா கேக்காம, சாயங்காலத்துக்குள்ள ஒரு லிங்க்க அனுப்ப வச்சுடும். அதனால உங்களுக்கு ஏற்கனவே எது தெரியும், எதுல ஓட்டை இருக்குன்னு பாத்துட்டு டூல எடுக்கறதுதான் சரி.

இந்தக் குணம் எல்லாம் பொறந்த இடத்துலேருந்து வர்றது. டேப்லோ ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில நடந்த ஒரு ஆராய்ச்சிலேருந்து 2003ல கம்பெனியா கிளம்பினது, ஃபீல்டை (விற்பனை, மாசம் மாதிரி டேட்டாவோட ஒரு பகுதி) இழுத்துப் போட்டா அது படமாகணும், பின்னாடி க்வெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி) தானா எழுதிக்கணும்ங்கறதுதான் அதோட அடிப்படை யோசனையே, 2019ல சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கிட்டாங்க. மைக்ரோசாஃப்ட்டோட பவர் பிஐ 2015 ஜூலைல முழுசா வெளிவந்தது, ஆனா உள்ள ஓடற பவர் க்வெரி (டேட்டாவ சுத்தம் பண்றது), பவர் பிவட் (டேபிள்கள இணைச்சு கணக்குப் போடறது) எல்லாம் அதுக்கு முன்னாடியே எக்செல்ல இருந்த சரக்கு. லுக்கர் ஸ்டுடியோ 2016ல கூகுள் டேட்டா ஸ்டுடியோங்கற பேர்ல வந்து 2022 அக்டோபர்ல பேர் மாறுனது, வெப்சைட் டிராஃபிக், விளம்பரச் செலவு பாக்கறவங்கதான் அதோட முதல் கூட்டம். (லுக்கர்னு தனியா இன்னொரு புராடக்ட் இருக்கு, லுக்எம்எல்-ன்னு அதுக்கு மாடலிங் மொழியே உண்டு, வேலை விளம்பரத்துல லுக்கர்னு போட்டிருந்தா எதைச் சொல்றாங்கன்னு கேட்டுக்கோங்க.)

ஃபீச்சர் லிஸ்ட் போட்டு ஒப்பிடறதுல பிரயோஜனம் இல்ல, லிஸ்ட்ல மூணும் ஒண்ணு மாதிரியே தெரியும். ஒரே வேலைய மூணுலயும் செஞ்சு பாக்கணும், அப்பதான் சாயம் வெளுக்கும்.

முதல்ல ரொம்ப சாதாரண ஒண்ணு: லாப சதவீதம். ஒரு ஆர்டர்ல விற்பனை 100, லாபம் 50. இன்னொண்ணுல விற்பனை 900, லாபம் 90. வரிக்கு வரி போட்டா 50 சதவீதம், 10 சதவீதம். இத ஒரு புது காலமா (column, டேபிளோட நெடுக்கு வரிசை) போட்டு வச்சுட்டு சார்ட்ல இழுத்தா டூல் தானாவே கூட்டி 60ன்னு காட்டும், சராசரிக்கு மாத்துனா 30ன்னு காட்டும், ஆனா உண்மையான பதில் 1000ல 140, அதாவது 14 சதவீதம். மூணு டூல்லயும் இந்தத் தப்பப் பண்ணலாம், எதுவும் உங்க கையப் பிடிச்சு நிறுத்தாது. வித்தியாசம் என்னன்னா தப்ப எப்படிப் புரிய வைக்குதுங்கறதுல. பவர் பிஐல கால்குலேட்டட் காலம், மெஷர்னு ரெண்டு தனித்தனி பட்டன் இருக்கு, இது ஏன் ரெண்டா இருக்குன்னு தேடப் போனாலே வரிக்கு வரி கணக்கு வேற, மொத்தத்துல போடற கணக்கு வேறங்கறது மண்டைல ஏறிடும், அப்புறம் மொத்த லாபத்த மொத்த விற்பனையால வகுத்து ஒரே ஒரு மெஷர் எழுதுனா போதும், மாசம், ஏரியா, பொருள் எதோட போட்டாலும் அந்தந்த இடத்துக்குச் சரியா வரும். டேப்லோல ரெண்டுக்கும் ஒரே எடிட்டர் விண்டோதான், பாதிய சம் (கூட்டல் ஃபங்ஷன்) போட்டு பாதிய போடாம விட்டா மட்டும் அக்ரிகேட்டையும் (மொத்தக் கணக்கு) நான்-அக்ரிகேட்டையும் (வரிக்கு வரி கணக்கு) கலக்கக் கூடாதுன்னு எரர் வரும், ரெண்டுலயுமே போடாம விட்டா சத்தமில்லாம தப்பான நம்பர் வரும். லுக்கர் ஸ்டுடியோலயும் அதே கதைதான். இந்த விஷயத்துல என் ஓட்டு பவர் பிஐக்கு, சந்தேகமே இல்ல.

அடுத்தது போன வருஷத்தோட ஒப்பிடறது, எந்த மேனேஜரும் முதல்ல கேக்கறது இதத்தான். லுக்கர் ஸ்டுடியோல இது கிட்டத்தட்ட ஒரு க்ளிக்: ஸ்கோர்கார்டு (ஒரே நம்பரப் பெருசா காட்டற பெட்டி) போட்டு, கம்பேரிசன் டேட் ரேஞ்ச்ல போன வருஷம்னு செலக்ட் பண்ணா பச்சை அம்பு, சிவப்பு அம்போட வந்துடும். டேப்லோல குவிக் டேபிள் கால்குலேஷன்ல இயர் ஓவர் இயர் க்ரோத் இருக்கு, அதுவும் சுலபம்தான், ஆனா அது திரையில என்ன இருக்கோ அதை வச்சுதான் கணக்குப் போடும், நீங்க ஃபில்டர்ல இந்த வருஷத்த மட்டும் வச்சுட்டு போன வருஷத்த எடுத்துட்டீங்கன்னா ஒப்பிட ஆளே இல்லாம காலியா நிக்கும். புதுசா கத்துக்கறவங்க பாதிப் பேர் இங்க மணிக்கணக்கா தலைய பிச்சுக்கறாங்க. பவர் பிஐல தனியா ஒரு டேட் டேபிள் வேணும், ஒரு நாள் கூட விடுபடாம வரிசையா தேதி இருக்கணும், விற்பனை டேபிளோட ரிலேஷன்ஷிப் போடணும், அதுக்கப்புறம்தான் சேம் பீரியட் லாஸ்ட் இயர்ங்கற ஃபங்ஷனுக்கே போகணும். அதுலயும் ஒரு கண்ணி இருக்கு: இந்த வருஷம் டேட்டா ஜூலை வரைக்கும்தான் இருக்கு, ஆனா டேட் டேபிள் டிசம்பர் வரைக்கும் போகுதுன்னா, வருஷ மொத்தத்துல இந்த வருஷத்து ஏழு மாசத்த போன வருஷத்து பன்னெண்டு மாசத்தோட ஒப்பிட்டு "விற்பனை விழுந்துடுச்சு"ன்னு காட்டும், யாரும் கவனிக்கலன்னா மீட்டிங்ல அதுவே உண்மையாயிடும். கஷ்டம்தான், ஆனா இந்தக் கஷ்டத்த ஒரு தடவ பட்டவங்களுக்கு காலண்டர்ங்கறது டேட்டா மாடல்ல ஒரு தனி டேபிள்ங்கற புத்தி வந்துடும், அது எந்த டேட்டா வேர்ஹவுஸ்ல (கம்பெனி டேட்டாவ எல்லாம் சேத்து வைக்கற டேட்டாபேஸ்) போய் வேலை பாத்தாலும் கூடவே வரும்.

மூணாவது வேலைல டேப்லோ ஜொலிக்கும். ஒவ்வொரு கஸ்டமரும் முதல் தடவ எப்ப வாங்கினாங்க, அதை வச்சு பழைய ஆள் எத்தனை, புது ஆள் எத்தனைன்னு பிரிக்கணும். டேப்லோல ஃபிக்ஸட்னு ஆரம்பிச்சு கஸ்டமர் பேர், அப்புறம் ஆர்டர் தேதில மினிமம், ஒரே வரில முடிஞ்சுது. 2015ல வந்த இந்த எல்ஓடி எக்ஸ்பிரஷன்தான் (லெவல் ஆஃப் டீடெயில், எந்த மட்டத்துல கணக்குப் போடணும்னு நாமளே சொல்றது) டேப்லோவோட அழகே. அதுக்கும் ஒரு விலை உண்டு, சாதாரண ஃபில்டர் இந்த ஃபிக்ஸட் கணக்குக்கு அப்புறம்தான் ஓடும், ஏரியா ஃபில்டர் போட்டும் நம்பர் அசையலையேன்னு முழிப்பீங்க, அந்த ஃபில்டர கான்டெக்ஸ்ட் ஃபில்டரா (முன்னாடியே ஓடற ஃபில்டர்) மாத்துனாதான் அசையும். எது முதல்ல ஓடும், எது அப்புறம்னு காட்டற டேப்லோவோட ஆர்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ் படத்த பிரிண்ட் எடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க, நிஜமாவே சொல்றேன். பவர் பிஐல கஸ்டமர் டேபிள்ல ஒரு காலம் போட்டு கால்குலேட்ங்கற ஃபங்ஷனுக்குள்ள மினிமம் எழுதுனா வந்துடும், எழுதறது சின்னதுதான், அது ஏன் வேலை செய்யுதுன்னு புரிய ரோ கான்டெக்ஸ்ட் (இப்ப எந்த வரில நிக்கறோம்), ஃபில்டர் கான்டெக்ஸ்ட் (இப்ப எந்த ஃபில்டர் எல்லாம் ஓடுது) ரெண்டும் தெளிவா இருக்கணும், பவர் பிஐல கணக்கு எழுதற டாக்ஸ் மொழியோட மொத்த கஷ்டமும் அந்த ரெண்டு வார்த்தைலதான் இருக்கு. லுக்கர் ஸ்டுடியோல இதுக்கு நேர் வழி கிடையாது, அதே டேட்டாவ அதோடவே ப்ளெண்ட் பண்ணி (இணைச்சு) சுத்தி வரணும், ப்ளெண்ட்லயும் அஞ்சு டேபிளுக்கு மேல சேக்க முடியாது. இந்த மாதிரி கேள்வி வந்துட்டா எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கற மொழி) முன்னாடியே முடிச்சுட்டு அங்க கொண்டு போறதுதான் நல்லது.

இன்டராக்டிவிட்டி விஷயத்துக்கு வருவோம், டேஷ்போர்டு டிசைன்ல நெறைய பேர் கோட்டை விடற இடம். பவர் பிஐல சார்ட்ல ஒரு பார் மேல க்ளிக் பண்ணா பக்கத்துல இருக்கற எல்லா சார்ட்டும் தானா அசையும், நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். பாக்க பிரமாதமா இருக்கும், ஆனா அது பெரும்பாலும் ஹைலைட் மோடுல இருக்கும், மொத்தத்த மங்கலாக்கிட்டு அதுக்குள்ள ஒரு பங்க மட்டும் அழுத்தமா காட்டும், பாக்கறவங்க மங்கலா இருக்கறத படிக்கறதா அழுத்தமா இருக்கறத படிக்கறதான்னு குழம்பிடுவாங்க. எடிட் இன்டராக்ஷன்ஸ்ல போய் எது ஃபில்டர் ஆகணும், எது சும்மா இருக்கணும்னு ஒவ்வொண்ணா முடிவு பண்றவங்க டேஷ்போர்டு தனியா தெரியும். டேப்லோல நேர் எதிர், நீங்க ஆக்ஷன் (க்ளிக் பண்ணா என்ன நடக்கணும்ங்கற கட்டளை) போடற வரைக்கும் எதுவும் எதோடயும் பேசாது. கத்துக்கறவங்களுக்கு இதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா ஒவ்வொரு க்ளிக்குக்கும் "இதை க்ளிக் பண்றவர் அடுத்து என்ன தெரிஞ்சுக்க நினைப்பார்?"னு நீங்க பதில் சொல்லியே ஆகணும். கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் பென் ஷ்நைடர்மேன் 1996லயே இந்த வரிசையச் சொல்லிட்டார், முதல்ல முழு நிலவரம், அப்புறம் ஜூம், ஃபில்டர், டீடெயில் கேட்டா மட்டும். பவர் பிஐல ட்ரில்-த்ரூ பக்கமும் (ஒண்ணத் தேர்ந்தெடுத்தா அதோட விவரத்துக்குப் போற பக்கம்) டூல்டிப் பக்கமும் (மவுஸ வச்சா எட்டிப் பாக்கற குட்டிப் பக்கம்) இதுக்கே வச்சது மாதிரி இருக்கு, ஆனா ஆரம்பத்துல யாரும் தொடறதில்ல, எல்லாத்தயும் முதல் பக்கத்துலயே பன்னெண்டு சார்ட்டா அடைச்சுடறாங்க.

சார்ட்ட எல்லாம் டேஷ்போர்டுல அடுக்கறதுல டேப்லோ படுத்தும். கன்டெய்னருக்குள்ள கன்டெய்னர், ஒண்ண நகர்த்துனா மூணு எகிறும். பவர் பிஐயும் லுக்கர் ஸ்டுடியோவும் வெத்துத் தாள்ல ஒட்டற மாதிரி, எங்க வேணா வச்சுக்கலாம்.

சார்ட் பாக்கற கண்ணு இருக்கே, அதுக்கு டேப்லோதான் பள்ளிக்கூடம். 1984ல க்ளீவ்லேண்ட், மெக்கில்னு ரெண்டு பேர் மனுஷக் கண்ணு எத எவ்ளோ துல்லியமா படிக்குதுன்னு சோதிச்சுப் பாத்தாங்க: ஒரே அளவுகோல்ல இருக்கற இடத்தத்தான் நல்லா படிக்குது, அப்புறம் நீளம், கோணமும் பரப்பளவும் அதுக்கும் கீழ. பார் சார்ட் ஏன் பை சார்ட்ட ஜெயிக்குதுன்னு இதுலயே விடை இருக்கு. டேப்லோல நீங்க இடம், நீளம், சைஸ், கலர்னு அந்தந்த ஷெல்ஃப்லதான் (தட்டு மாதிரி ஒரு இடம்) ஃபீல்டையே போடறீங்க, அதனால இந்தப் படிப்பு கை வழியா வந்துடும். பவர் பிஐல முதல்ல சார்ட் டைப்ப செலக்ட் பண்ணிட்டு அப்புறம் ஃபீல்டை நிரப்பற பழக்கம் வருது, கேஜ் (மீட்டர் மாதிரி), டோனட் (நடுவுல ஓட்டை போட்ட பை சார்ட்) எல்லாம் கண்ணு முன்னாடி வரிசையா நிக்கும், கை தானா போகும். டேப்லோலயும் சார்ட்ட தானா போட்டுத் தர்ற ஷோ மீ பேனல்லயே காலம் தள்ளறவங்களுக்கு இந்தப் பலன் கிடைக்காது, அத மூடி வச்சுட்டு கத்துக்கோங்க. கலர் விஷயத்துல ஒண்ணு, சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாதவங்க கணிசமா இருக்காங்க, டேப்லோல அதுக்குன்னு கலர் ப்ளைண்ட் பேலட்டே இருக்கு, லுக்கர் ஸ்டுடியோ தர்ற அந்தப் பச்சை சிவப்பு அம்ப மாத்தி நீலம் ஆரஞ்சுன்னு வச்சுக்கலாம்.

காசு, மெஷின் பத்தி சுருக்கமா. பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ஆனா விண்டோஸ்ல மட்டும்தான், மேக் வச்சிருக்கறவங்க விர்ச்சுவல் மெஷின் (மேக்குக்குள்ளயே விண்டோஸ் ஓட்டற ஏற்பாடு) போடணும். ரிப்போர்ட்ட ஆன்லைன்ல பகிர்ற பவர் பிஐ சர்வீஸ்ல சைன்அப் பண்ண ஆபீஸ் இல்லன்னா காலேஜ் மெயில் ஐடி கேக்கும், சாதா ஜிமெயில எடுத்துக்காது, வேலை தேடிட்டிருக்கறவங்களுக்கு இது பெரிய இடைஞ்சல். டேப்லோ பப்ளிக் இலவசம், மேக்லயும் ஓடும், ஆனா பேர்லயே இருக்கற மாதிரி அதுல பப்ளிஷ் பண்றது ஊருக்கே தெரியும், ஆபீஸ் டேட்டாவ மறந்தும் அதுல ஏத்தாதீங்க. லுக்கர் ஸ்டுடியோவுக்கு ப்ரவுசரும் கூகுள் அக்கவுன்ட்டும் போதும்.

என் முடிவு இது. எக்செல்ல பிவட் டேபிள், வீலுக்அப்னு புழங்கறவங்க பவர் பிஐல ஆரம்பிங்க, உங்க ஓட்டை டேட்டா மாடல்லதான் இருக்கும், அத அடைக்கற டூல் அதுதான். எஸ்க்யூஎல், ஸ்டார் ஸ்கீமா (நடுவுல ஒரு விற்பனை டேபிள், சுத்தி விவர டேபிள்கள்) எல்லாம் தண்ணிபட்ட பாடு, ஆனா சார்ட் போட்டா யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்கன்னா நேரா டேப்லோ பப்ளிக் போங்க, அங்க கேலரில இருக்கற நெறைய வொர்க்புக்க டவுன்லோட் பண்ணி பிரிச்சுப் பாக்கலாம், அடுத்தவங்க எப்படிக் கட்டினாங்கன்னு உள்ள புகுந்து பாக்கற மாதிரி ஒரு படிப்பு வேற எங்கயும் கிடைக்காது. மார்க்கெட்டிங்ல இருக்கீங்க, அடுத்த வாரம் ரிப்போர்ட் போகணும்னா லுக்கர் ஸ்டுடியோ, தப்பே இல்ல, ஆனா அதுலயே நின்னுட்டீங்கன்னா ரெண்டு டேபிள சேக்கற கேள்வி வர்றப்ப தடுமாறுவீங்க. மூணையும் ஒரே நேரத்துல படிக்காதீங்க, ஃபில்டர்ங்கற ஒரே வார்த்தைக்கு மூணு இடத்துல மூணு நடத்தை, எல்லாம் கலந்துடும்.

க்ளிக்வ்யூ, க்ளிக் சென்ஸ் எல்லாம் நல்ல டூல்தான், செலக்ட் பண்ணதோட சம்பந்தமில்லாதத சாம்பல் கலர்ல காட்டற யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா ஆபீஸ்ல ஏற்கனவே இருந்தாத்தான் கத்துக்கோங்க. சூப்பர்செட், மெட்டாபேஸ் ரெண்டும் ஓப்பன் சோர்ஸ், எஸ்க்யூஎல் தெரிஞ்சவங்களுக்கு வசதி.

எந்த டூல் எடுத்தாலும் பழக ஒரே ஒரு சிஎஸ்வி ஃபைல மட்டும் எடுக்காதீங்க. ஒரே தட்டையான டேபிள்ல எல்லா டூலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துக்கும், எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். ஆர்டர், கஸ்டமர், பொருள்னு குறைஞ்சது மூணு டேபிள், கூடவே தனியா ஒரு டார்கெட் டேபிள், அதுவும் ஆர்டர் நாள் கணக்குலயும் டார்கெட் மாசக் கணக்குலயும் இருக்கற மாதிரி எடுங்க. அந்த ரெண்டையும் ஒரே சார்ட்ல தப்பில்லாம கொண்டு வர்றதுக்குள்ள நீங்க எடுத்த டூல் உங்களுக்கு ஒத்து வருமா வராதான்னு தெரிஞ்சுடும்.