மட்டக்குதிரை: சொந்தமா, பங்கா, பயிற்சிப் பள்ளியா?

பிள்ளைக்குக் குதிரை மீது ஆசை வந்துவிட்டால் வீட்டில் மூன்று பேச்சு எழும். குதிரையேற்றப் பள்ளியில் வாரம் ஒரு வகுப்புக்கு அனுப்பலாமா? வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரு மட்டக்குதிரையைப் பங்காக வைத்துக்கொள்ளலாமா? இல்லை, சொந்தமாகவே வாங்கிவிடலாமா? நாங்கள் பள்ளியில் தொடங்கி, சொந்தக் குதிரைக்கு விலை பேசும் அளவுக்குப் போய், கடைசியில் பங்கில் வந்து நின்றவர்கள். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சொந்தம் என்றால் செலவு அதிகம், பள்ளி என்றால் குறைவு, பங்கு இடையில் நிற்கும். இதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை. ஹெல்மெட், குதிகால் வைத்த காலணி, அருகில் ஒரு பெரியவர் என்கிற பாதுகாப்பு விஷயங்களும் மூன்றுக்கும் பொதுவானவை. முடிவைத் தீர்மானிக்கும் கேள்வியை மட்டும் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை: பிள்ளை வாரத்தில் எத்தனை நாள் ஏறிச் சவாரி செய்ய விரும்பும்?

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது குதிரையின் பக்கத்தில் இருப்பது. பிடரிமயிரைப் பின்ன வேண்டும், வாளியில் பாதித் தண்ணீரைச் சிந்திக்கொண்டே தூக்கிவர வேண்டும், மூக்கைத் தடவ வேண்டும். சேணத்தில் உட்காரவைத்துத் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்தினால் கொஞ்ச நேரத்திலேயே “இறக்கிவிடுங்கள்” என்று குரல் வரும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை சவாரி ஆசை உச்சத்தில் இருக்கும். அப்போதும் அது சீராக இருக்காது. விடுமுறையில் நாள்தோறும் கேட்பார்கள். பரீட்சை நெருங்கினால் பேச்சே இராது. ஒருமுறை கீழே விழுந்துவிட்டால் சில வாரங்கள் லாயத்துக்கு வருவார்கள், ஏற மாட்டார்கள். பதின்ம வயதில் இரண்டில் ஒன்று நடக்கும்: விடியும் முன்பே எழுந்து ஓடுவார்கள், அல்லது திரும்பியும் பார்க்க மாட்டார்கள். எங்கள் மகளிடமும் லாயத்தில் பழகிய மற்றப் பிள்ளைகளிடமும் கண்டதை வைத்துத்தான் சொல்கிறேன். போட்டிக்கென்றே வளர்க்கப்படும் பிள்ளைகளின் கணக்கு வேறாக இருக்கலாம்.

எங்கள் மகளின் கணக்கு வாரத்துக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. “இன்று போகலாமா?” என்று நீங்கள் கேட்கும் நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிள்ளையாக வந்து கேட்கும் நாட்களை மட்டும் ஒரு பருவம் முழுக்க நாட்காட்டியில் குறித்து வாருங்கள். சுட்டெரிக்கும் வெயில், விடாத மழை, தோழியின் பிறந்தநாள் எல்லாம் அதற்குள் வந்துபோக வேண்டும். வரும் எண் பெரும்பாலும் நாம் மனத்தில் வைத்திருந்ததைவிடச் சிறியதாக இருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்த்தால் போதும்.

வாரம் ஒரு நாள் என்றால் பள்ளிதான், யோசிக்கவே வேண்டாம். பயிற்றுநர் இருப்பார், பிள்ளை வளர வளரக் குதிரையும் மாறும், பல குதிரைகளின் சுபாவத்தைப் பழகலாம். சோம்பேறிக் குதிரையைக் கிளப்பவும் அவசரக்காரக் குதிரையை அடக்கவும் ஒரே பிள்ளை கற்றுக்கொள்ளும் இடம் அது. குறை என்றால், பல பள்ளிகளில் குதிரை ஏற்கெனவே சேணம் பூட்டித் தயாராக நிற்கும். இறங்கியதும் அடுத்த பிள்ளை ஏறிவிடும். குளம்பைத் தூக்கி மண் சுரண்டுவது, வியர்வை காயும்வரை நடத்துவது போன்றவை கைக்கு வராமலே போய்விடும். இன்னொன்று, வாரம் ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டம் வரைதான் முன்னேற முடியும். துள்ளுநடையில் குதிரையின் தாளத்துக்கு எழுந்து அமரும் பழக்கம் உடலில் படிவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அடுத்த வாரம் பாதி மறந்திருக்கும். இருந்தும், எந்த வழியில் போவதாக இருந்தாலும் ஓராண்டாவது பள்ளியில் ஏறிய பிறகே மற்ற இரண்டைப் பற்றிப் பேசுங்கள்.

இனிச் சொந்தக் குதிரை. வாரத்தில் இரண்டு நாள் சவாரி என்று வைத்துக்கொண்டால், மிச்சம் ஐந்து நாள் என்ன ஆகும் என்பதுதான் இங்கே எல்லாமே. குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலையும் மாலையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 730 முறை. உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் அளவுக்கு உலர்புல், எந்நேரமும் சுத்தமான தண்ணீர், லத்தி அள்ளுவது, 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுவது, ஆண்டுதோறும் பல் பரிசோதனை, டெட்டனஸ் தடுப்பூசி. தவிரவும் குதிரை கூட்டமாக வாழும் பிராணி; தனியாகக் கட்டிப்போட்டால் வாடிப்போகும். சொந்த இடத்தில் ஒன்றை வளர்க்க நினைப்பவர் துணைக்கு இன்னொன்றுக்கும் இடம் தேட வேண்டியிருக்கும். இல்லையென்றால் பல குதிரைகள் நிற்கும் லாயத்தில் விட வேண்டும்.

இதெல்லாம் உழைப்பும் பணமும் சார்ந்தவை. மனம் இருந்தால் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறு: பிள்ளை ஏறாத நாட்களில் அந்தக் குதிரை மேல் யார் ஏறுவது?

சைக்கிளைப் பிள்ளை தொடாவிட்டால் அது சுவரில் சாய்ந்து கிடக்கும், நட்டமில்லை. பெரிய குதிரையாக இருந்தால் அம்மாவோ அப்பாவோ ஏறி ஒரு சுற்று போய்வரலாம். மட்டக்குதிரையில் அது நடக்காது. ஏறுபவரின் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு; 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. மிகச் சிறிய மட்டக்குதிரை இனங்களில் ஒன்றான ஷெட்லாண்டில், 200 கிலோ எடையுள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பு 40 கிலோ. அதில் சேணமும் கடிவாளமும் ஐந்தாறு கிலோவைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பது ஒரு சிறுமியின் எடை. எவ்வளவு மெலிந்த பெரியவரும் அதற்குள் அடங்க மாட்டார். கானமாரா போன்ற பெரிய மட்டக்குதிரைகள் சின்ன உடல்வாகுள்ள பெரியவரைச் சுமக்கும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை முதன்முதலில் அவ்வளவு உயரத்தில் உட்காரவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆக, சின்னக் குதிரையின் உடற்பயிற்சி முழுவதும் ஒரு பிள்ளையின் மனநிலையைச் சார்ந்து நிற்கிறது. நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடலாம். ஒரே வட்டத்தில் அடிக்கடி நெடுநேரம் சுற்றினால் கால் மூட்டுகளுக்கு ஆகாது. கையில் பிடித்து நடத்திப் போகலாம். நல்லதுதான், ஆனால் அதற்கும் தினமும் ஓர் ஆள் வேண்டும்.

நடக்காத குதிரை பருத்துவிடும். மட்டக்குதிரை இனங்கள் பலவும் மேட்டு நிலங்களிலும் குளிர்ப் பிரதேசங்களிலும் சத்துக் குறைந்த புல்லை மேய்ந்து தாக்குப்பிடித்தவை. கொஞ்சம் தின்றாலும் சதை போடும் உடம்பு. அதைச் செழிப்பான பசும்புல்லில் விட்டு, வேலையும் கொடுக்காமல் வைத்தால் உடம்பில் இன்சுலின் ஏறும். அதன் விளைவாக லேமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சி வரலாம். குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு வீங்கித் தளர்கிறது. முற்றினால் எலும்பே குளம்புக்குள் திரும்பிவிடும். முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, நகர மறுத்து நிற்கும் குதிரையைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஒருமுறை வந்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். வாங்க வருபவர் முதலில் விசாரிப்பதும் இதைத்தான். ‘பிள்ளை கொஞ்ச நாள் ஏறவில்லை’ என்கிற சாதாரண விஷயம் குதிரையின் காலுக்கும் மறுவிற்பனைக்கும் வந்து முடிவது இப்படித்தான்.

குதிரை பருத்திருக்கிறதா என்று அறிய, பிடரி மேட்டை விரல்களால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மெத்தென்று இருபுறமும் சாய்ந்தால் சரி. இறுகி அசையாமல் நின்றால் தீனியைக் குறைக்க வேண்டிய நேரம். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். நாங்கள் விலை பேசப் போன குதிரைக்கு விலாவே தட்டுப்படவில்லை. விற்பவரின் பிள்ளை ஏறுவதை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. அழகான குதிரை, மகளுக்கு அதைப் பிரிய மனமில்லை. அன்று திரும்பும் வழியில்தான் நாட்காட்டியில் குறித்திருந்த எண் எனக்கு உறைத்தது.

பங்கு முறை அந்த ஐந்து நாட்களுக்கு இன்னொரு பிள்ளையைக் கொடுக்கிறது. அதன் பலம் முழுவதும் இதில்தான். எங்கள் மகளுக்கு இரண்டு நாள், குதிரைக்கு உரிமையான வீட்டுப் பெண்ணுக்கு மூன்று நாள், குதிரைக்கு ஒரு நாள் ஓய்வு, இடையில் யாராவது நடத்திப் போகும் ஒரு நாள். ஒருத்திக்குப் பரீட்சை என்றால் மற்றவள் கூடுதலாக ஏறுகிறாள். குதிரை ஒல்லியாகவும் நிதானமாகவும் இருக்கிறது. லாயத்துக் கதவின் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. ஏறியவர் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். “இடது முன்குளம்பில் கல் இருந்தது, எடுத்துவிட்டேன், நொண்டவில்லை” என்று மகள் எழுதியிருப்பாள். அதன் கீழே மற்றவள், தன்னைவிடப் பெரியவளான என் மகளுக்கு: “அக்கா, வயிற்றை உப்பிக்கொண்டு ஏமாற்றுகிறான். பத்தடி நடத்திவிட்டு வாரை மறுபடி இறுக்குங்கள்.” நானும் பார்த்திருக்கிறேன். வயிற்றுவாரை இழுக்கும்போது மூச்சை அடக்கி, காதைப் பின்னால் மடித்து, ஒன்றும் அறியாதவன்போல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். பத்தடி நடந்ததும் வார் இரண்டு துளை தொளதொளத்திருக்கும். பள்ளியில் யாரோ பூட்டித் தந்த சேணத்தில் ஏறிய காலத்தில் மகளுக்கு இது தெரியாது.

இன்னொரு நன்மை நான் எதிர்பாராதது. தன் நாள் இது என்று தெரிவதால் மகள் அதை வீணாக்குவதில்லை. சவாரி வேண்டாம் என்று தோன்றும் நாளில்கூடப் போய்த் தேய்த்துவிட்டு, குளம்பு பார்த்துவிட்டு வருகிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி இருக்குமா என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

பங்கில் தொல்லையும் உண்டு. சனிக்கிழமை இருவருக்கும் வேண்டும், செவ்வாய்க்கிழமை ஒருவருக்கும் வேண்டாம். முறை வைத்துக்கொண்டும் முகம் சுளிப்பு தீர்வதில்லை. இரண்டு பிள்ளைகளின் கைப்பழக்கம் மிகவும் மாறுபட்டால் குதிரை குழம்பும். ஒருத்தி கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குகிறவளாக இருந்தால் மற்றவளின் மென்மையான கை அதற்கு உறைக்காது. அதனால் இருவரும் ஒரே பயிற்றுநரிடம் கற்பது நல்லது. இருவரின் உயரமும் எடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பணப் பேச்சை முதலிலேயே எழுத்தில் வைத்துவிடுங்கள். புல், குளம்பு, பல், தடுப்பூசிக்கு விகிதம் பேசுவது எளிது. நடுராத்திரி வயிற்றுவலி வந்து மருத்துவரை அழைக்கும்போது யார் முடிவெடுப்பது, யார் கட்டுவது என்பதுதான் உறவைக் கெடுக்கும் இடம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி எப்போதும் அவசரம்தான், உட்கார்ந்து பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது. எங்கள் தாளில் முடிவு உரிமையாளருடையது, செலவில் எங்களுக்கு ஒரு பங்கு என்று இருக்கிறது.

சொந்தம் ஜெயிக்கும் வீடுகளும் உண்டு. வயது சற்றே வித்தியாசப்படும் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே வீட்டில் இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே பங்கு முறை. குதிரையும் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு இறங்கும். வாரத்தில் நான்கைந்து நாள் பிள்ளையாகவே கேட்டு, அது ஓராண்டுக்கு மேல் மாறாமல் நின்றாலும் வாங்கலாம். அப்போதும் இளங்குதிரையை வாங்கி இருவரும் சேர்ந்து வளரட்டும் என்று கனவு காணாமல், பத்து வயதைத் தாண்டிய, பல பிள்ளைகளைச் சுமந்து பழகிய குதிரையைப் பாருங்கள். 25, 30 ஆண்டு வாழும் பிராணி அது. அந்த வயதில் அதற்கு உழைக்கும் காலம் நிறையவே இருக்கும், புத்தியும் தெளிந்திருக்கும்.

ஆனால் பிள்ளை ஒரே குதிரையில் ஏறும் காலம் சில ஆண்டுகள்தான். பிறகு கால் நீண்டுவிடும், எடை கூடிவிடும். சொந்தமாக இருந்தால் அப்போது விற்பதா வைத்துக்கொள்வதா என்கிற பேச்சு கண்ணீரில் முடியும். எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு வரி போட்டிருக்கிறோம்: மகளின் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடும் மாதத்தோடு எங்கள் பங்கு முடியும். குளம்பு சீவ ஆள் வரும் நாளில் குதிரையின் மார்பைச் சுற்றி எடை நாடாவால் அளந்து, மகளையும் தராசில் ஏற்றிப் பார்த்துக்கொள்கிறோம். இன்னும் இடைவெளி இருக்கிறது. அது தீர்ந்ததும் சற்றுப் பெரிய குதிரையில் ஒரு பங்கு தேடுவதாகத்தான் உத்தேசம்.