சிந்தனைச் சார்பா, உணர்வுச் சார்பா: நிதி ஆலோசனைக் குழுவுக்கு ஏற்ற தலைமை எது?

உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் முன்வைத்த ஆளுமை வகைப்பாட்டிலிருந்து கிளைத்த மையர்ஸ்-பிரிக்ஸ் அளவுகோல், முடிவெடுக்கும் முறையைச் சிந்தனைச் சார்பு, உணர்வுச் சார்பு என இரண்டாகப் பிரிக்கிறது. 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் சரிந்தது. அத்தகைய நாளில் முதல் வகைத் தலைவர், சொத்து ஒதுக்கீட்டையும் (பணம் பங்கு, கடன்பத்திரம் எனப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும் விகிதம்) இலக்குக்கு எஞ்சிய ஆண்டுகளையும் காட்டி, விற்கத் துடிப்போரைத் தடுக்கும்படி தம் ஆலோசகர்களைப் பணிப்பார். இரண்டாம் வகைத் தலைவரோ, ஓய்வுக்காலச் சேமிப்பு கரைந்துவிடுமோ என்று அஞ்சும் வாடிக்கையாளரை முதலில் பேசவிட்டுக் கேட்கச் சொல்வார். கணக்கு சரியாக இருந்தும் வாடிக்கையாளர் மனம் விலகிப் போவது முன்னவருக்கு நேரும் இடர். மனம் நோகக் கூடாதென்று அவசர விற்பனைக்கு இணங்கிவிடுவது பின்னவருக்கு நேர்வது, அதுவே கூடுதல் இழப்பைத் தரும். (சார்பு என்பது விருப்பமே தவிரத் திறமையன்று.) சரிவு நாளில் குழுவை நடத்த முன்னவரையும், புதிய ஆலோசகர்களைப் பழக்கப் பின்னவரையும் நான் தேர்வேன்.